மூணு படி தவுடு

தவுட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் போடுறான், பாத்தியா கண்ணு? மூட்டையா இது? மடியில வச்சிக்கினு இருக்கேன், மூணே படி, ஒரு பொட்டு கீழ சிந்தல. முன்னாடி சீட்டுல ஒருத்தன் ரெண்டு கோழியத் தலைகீழா தொங்க வுட்டுக்கினு ஒக்காந்திருக்கான், அவனைக் கேக்க வாய் வரல. என்னைக் கண்டாத்தான் சட்டம் பேசத் தோணுது இந்தக் கண்டக்டருக்கு. ஒரு சத்தம் போட்டதும் எப்படிப் பின்னாடி போனான் பாத்தியா.

நீ தள்ளித் தள்ளி ஒக்காராத, தூசி ஒட்டாது. காலையில நானே சலிச்சி எடுத்த தவுடு. ஆரணியில ரைஸ் மில்லுல இருவத்திரண்டு வருசமா வேலை செய்யிறேன். நல்ல தவுடு எது, உமி கலந்தது எதுன்னு கண்ண மூடிக்கினு வெரலால தொட்டுச் சொல்லுவேன். நவநீதம்னு கேட்டா மில்லு ஓனர்ல இருந்து லோடு ஏத்துறவன் வரைக்கும் தெரியும். வாய்க்காரின்னும் சொல்லுவாங்க. சொல்லிக்கினு போகட்டும்.

செய்யாறுக்குப் போறேன். அங்க கன்னியம்மான்னு ஒரு பொம்பள சாகக் கெடக்குது. முன்னாடி எங்க பக்கத்து வூடு, இப்ப புள்ள வூட்ல இருக்குது. நாலு நாளா கஞ்சித் தண்ணி எறங்கலன்னு நேத்து மருமக போன் பண்ணா. அது கண்ண மூடுறதுக்குள்ள இந்தத் தவுட்ட அது கையில குடுத்தாகணும். அது போயிட்டா அப்பால யார் கையிலயும் குடுக்க முடியாது. அதான் இந்தப் பஸ்ஸு நின்னு நின்னு போறதப் பாத்தா எனக்குப் பத்திக்கினு வருது.

சாகக் கெடக்குறவளுக்கு எதுக்குத் தவுடுன்னு நீ கேக்கல, ஆனா உன் மூஞ்சி கேக்குது. சொல்றேன். யார்கிட்டயாவது சொல்லாட்டி எனக்கும் நெஞ்சு வெடிச்சிடும் போல இருக்குது. எல்லாம் அந்த டர்பன்காரியால வந்தது.

போன மாசம் ஒரு நாள் மில்லுக் களத்துல நெல்லு தள்ளிக்கினு இருக்கேன், நல்ல வெயில். ஒரு கார் வந்து நின்னுது. ஒரு பொண்ணு எறங்குனா, முப்பது வயசு இருக்கும். நம்ம நெறந்தான், நம்ம மூஞ்சிதான், நடை மட்டும் நம்ம நடை இல்ல. காயிற நெல்லு மேல ஷூக் காலோட நடந்து வரா. சோத்து மேல நடக்குறியே, யார் பெத்த பொண்ணு நீன்னு கத்தினேன். அவளுக்குத் தமிழ் தெரியல, சிரிச்சிக்கினே வரா. கூட வந்த டிரைவர் தம்பிதான் பதறிப்போயி அவளை ஓரமா இட்டுக்கினு போனான்.

பேரு லோஷ்ணியாம். தென்னாப்பிரிக்காவுல டர்பன்னு ஒரு ஊராம். இவ கொள்ளுப்பாட்டி இந்தப் பக்கத்துக்காரி, பேரு தவுட்டம்மா, ஒம்பது வயசுல கப்பல் ஏத்திட்டாங்க, தம்பி பேரு வரதன். அவ்வளவுதான் இவகிட்ட இருந்தது. அந்த ரெண்டு பேர வச்சிக்கினு ஊர் ஊரா கேட்டு, கடைசியில எங்கிட்ட வந்து நிக்கிறா. வரதன் யாரு? எங்க தாத்தா. எங்க நைனாவப் பெத்தவரு.  எங்க தாத்தா சாகுற வரைக்கும் அக்கா அக்கான்னு பொலம்புன அந்த அக்காவோட வாரிசு, ஆப்பிரிக்காவுல இருந்து வந்து என் எதுர நிக்குது. ஓடிப்போயி கட்டிப் புடிச்சிக்கலாம்னுதான் தோணுச்சு. டிரைவர் தம்பி வேற மொறை பாத்துச் சொல்றான், அக்கா, இவங்க உங்களுக்கு மக மொறை ஆகுதுன்னு.

அந்த மக டிரைவர் தம்பி வாயால என்னைக் கேட்ட மொதக் கேள்வி இன்னா தெரியுமா? எப்படி இருக்கீங்கன்னு இல்ல. தண்ணி குடுங்கன்னு இல்ல. ஏன் வித்தீங்கன்னு கேட்டா. ஒம்பது வயசுப் பொண்ணை மூணு படி தவுட்டுக்கு ஏன் வித்தீங்க?

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிச்சு. கையில நெல்லு தள்ளுற கட்டை இருந்துது, அத்தக் கீழ போட்டதே பெரிசு. யாரடி வித்தது, எவ வித்தா, பாத்தியா நீன்னு போட்ட சத்தத்துல மில்லுல மிசினை நிறுத்திட்டு எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. தொரத்தி வுட்டுட்டேன். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.

நீ எந்த ஊரு கண்ணு? வேலூரா. அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கணும், இல்ல உங்கம்மாவுக்காவது தெரிஞ்சிருக்கும். ஒரு வூட்ல பொறக்குற புள்ளைங்க தங்காம போயிக்கினே இருந்தா, அடுத்ததா பொறக்குறத தவுட்டுக்கு வித்துடுவாங்க. விக்கிறதுன்னா சந்தையிலயா? பக்கத்து வூட்டுக்காரி மொறத்துல தவுடு எடுத்துக்கினு வாசல்ல வந்து நிப்பா. பெத்தவ புள்ளைய வாசப்படிக்கு வெளிய அவ மடியில போட்டுட்டுத் தவுட்ட வாங்கிக்குவா. அவ்வளவுதான், அந்தப் புள்ள அவளுது. வலது மூக்கைக் குத்தி ஒரு வளையம் போட்டுடுவாங்க. பெத்தவதான் பால் குடுப்பா, பெத்தவதான் வளப்பா. ஆனா வாயத் தொறந்து என் புள்ளன்னு மட்டும் சொல்லக் கூடாது. யார் கேட்டாலும் எங்களுது இல்ல, தவுட்டுக்கு வித்ததுன்னுதான் சொல்லணும். எமன் காதக் குடுத்துக்கினு இருக்கான் இல்ல? இது அவளுது இல்ல போலன்னு ஏமாந்து போயிடுவான். சில ஊர்ல அன்னிக்கே திருப்பி வாங்கிடுவாங்க. எங்க வழக்கம் அப்படி இல்ல. புள்ள பொழைச்சி, பெரிசாகி, வயசுக்கு வந்தப்புறம் அதே அளவு தவுட்ட அளந்து வாங்கினவ கையில குடுத்து, என் பொண்ண எனக்குக் குடுன்னு கேட்டு வாங்கணும். அன்னியில இருந்துதான் அது நம்ம பொண்ணு.

இது ஆசையில பண்றது. உசுரு நிக்கணும்னு பண்றது. இத்தப் போயி வித்துட்டீங்க வித்துட்டீங்கன்னா வயிறு எரியுமா எரியாதா?

எனக்குத் தெரியாதா இது? நானே பண்ணவ. எனக்கு மொதல்ல ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க. மொதலாவது பதினொரு நாளு. ரெண்டாவது எட்டு மாசம், தவழ ஆரம்பிச்சிடுச்சி, என் பொடவையப் புடிச்சிக்கினு நிக்கும். ஒரே ஜொரம், போயிடுச்சி. மூணாவதா ஒரு பொண்ணு. பொறந்த அன்னிக்கே கன்னியம்மா மொறத்தோட வந்துச்சு. மூணு படி. கவுசல்யான்னு ஸ்கூலுக்குப் பேரு, கவுசின்னு கூப்புடறது. வலது மூக்குல குத்தினோம். ஸ்கூல்ல கூடப் படிக்கிறதுங்க ராங் சைடு மூக்குத்தின்னு கிண்டல் பண்ணுதுங்கன்னு அழுதுக்கினு வரும். அழட்டும், உசுரோடதான அழுவுது.

அந்தக் கதை கெடக்கட்டும். கவுசி கோவிச்சிக்கினு போயி ஆறு வருசமாச்சு. மஸ்கட்டுல நர்சு. நல்லாத்தான் இருக்குதாம்.

எங்க வுட்டேன்? ஆ, மறுநாளு. காலையில மில்லுக்குப் போறேன், களத்து ஓரமா அந்த லோஷ்ணி ஒக்காந்திருக்கா, ஷூவக் கழட்டி வச்சிட்டு.  வெயில் ஏறுது, எழுந்து போக மாட்டேங்குறா. டிரைவர் தம்பி ஒரு எளநி வாங்கியாந்து குடுத்தான், அத்த என் பக்கம் நீட்டுறா. மத்தியானம் சோத்து நேரத்துல என்னால தாங்கல. சாப்டுத் தொலைன்னு என் டிபன் மூடியில பாதிச் சோறு போட்டுக் குடுத்தேன். சாப்டுட்டு ஒரு போட்டோவ எடுத்துக் காட்டுனா. வயசான பொம்பள, தலையில முக்காடு. தவுட்டம்மா. வளையம் இல்ல, ஆனா வலது மூக்குல ஓட்டை அப்படியே இருக்குது. எண்பது வயசு மூஞ்சியில அந்த ஒரு ஓட்டையத்தான் நான் பாத்துக்கினே இருந்தேன்.

அப்பால ஒரு பேப்பரு. ஏதோ ஆபீஸ்ல தேடி எடுத்த காப்பியாம். ஒரு வெள்ளக்காரச் சாமியாரு அந்தக் காலத்துல பஞ்சத்துல அநாதையான புள்ளைங்களை வச்சிச் சோறு போட்டுக்கினு இருந்தாரு. அங்க பேரு பதியிற ரைட்டரு எழுதுனது. டிரைவர் தம்பி படிச்சிச் சொன்னான். தவுட்டம்மா, பெண், வயசு ஒம்பது. அதுக்கு நேரா மூணு வரி. கூட்டி வந்தவள் தன் பிள்ளை இல்லை என்கிறாள். தவிட்டுக்கு விற்கப்பட்டது. அநாதை.

அநாதையாம். பெத்தவ எதுர நிக்கும்போது அநாதைன்னு எழுதியிருக்கான். அவன் கை வெளங்கியிருக்குமா?

அப்பத்தான் எனக்கு எல்லாம் வெளங்குச்சு. எங்க தாத்தா சொன்ன கதையில ஒரு பக்கம் இருந்துது, இந்தப் பேப்பர்ல இன்னொரு பக்கம் இருந்துது. எங்க தாத்தாவோட அம்மா பேரு எல்லம்மா. ரெண்டு வருசம் மழை இல்ல. புருசன் வாந்திபேதியில போயிட்டான். ஏரி வெட்டுற வேலைக்குப் போனா அவளுக்கு மட்டும் கூழு ஊத்துவாங்க, புள்ளைங்களுக்கு இல்ல. ஒம்பது வயசுப் பொண்ணு, ஆறு வயசுப் பையன். மழை வர வரைக்கும் பசி ஆறட்டும்னு ரெண்டையும் அந்த வெள்ளக்காரன் எடத்துல வுடப் போனா. ரைட்டரு கேட்டான், பையன் யாரு? என் புள்ள. பொண்ணு யாரு? எங்களுது இல்ல சாமி, தவுட்டுக்கு வித்தது. வேற இன்னா சொல்லுவா? சுத்தி நூறு புள்ளைங்க செத்துக்கினு கெடக்குதுங்க. எமன் குடியிருக்குற எடம் அது. அங்க நின்னுக்கினு இது என் பொண்ணுன்னு எந்தப் பைத்தியக்காரி சொல்லுவா?

ஒரு மாசம் கழிச்சிப் பாக்கப் போயிருக்கா. ரைட்டரு பையன மட்டும் வெளிய வுட்டான். பொண்ணையும் கூப்புடு சாமின்னா, அது அநாதை, அதுக்கு யாரும் இல்ல, நீதான சொன்னன்னுட்டான். எங்க தாத்தா பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாரு. அம்மா வாயத் தொறந்துச்சு, தொறந்துட்டு மூடிக்கிச்சுன்னு சொல்லுவாரு. அப்பால தாத்தா தலையத் தடவிக் குடுத்துட்டு, இரு, வந்துடறேன்னு வேகமா போயிடுச்சாம்.

எங்க போனா? தவுடு தேடிப் போனா. திருப்பிக் குடுத்தாத்தான என் பொண்ணுன்னு சொல்லலாம்? பஞ்சத்துல தவுடு எங்க கெடைக்கும்? மனுசனே தவுட்டைத்தான் தின்னுக்கினு இருந்தான். ஏரி வேலையில குடுக்குற கூழ வித்து, அரைப்பட்டினி கெடந்து, கையளவு கையளவா சேத்து, மூணு படி ஆக இருவது நாளு ஆச்சு. வாய்க்குள்ள ஒரு சிட்டிகை போட்டுக்கல. கொண்டுபோயி வாங்கினவ கையில குடுத்தா. என் பொண்ண எனக்குக் குடுன்னு கேட்டு வாங்குனா. வாங்கிட்டு அப்படியே மூணு காத தூரம் நடந்து, ஓடி, அந்த எடத்து வாசல்ல போயி நின்னு, என் பொண்ணு, அது என் பொண்ணு, என் வயித்துல பொறந்த பொண்ணுன்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கா.

கரும்புத் தோட்டத்துக்கு ஆள் எடுக்குறவன் வந்து, கேக்க நாதி இல்லாத புள்ளைங்களா பாத்துப் பொறுக்கிக்கினு போயி நாலு நாளு ஆகியிருந்துது.

எங்க தாத்தாவ மட்டும் கையில புடிச்சிக் குடுத்தான் ரைட்டரு. வழி பூரா அம்மா வாய் ஓயல, என் பொண்ணு என் பொண்ணுன்னே வந்துச்சுன்னு தாத்தா சொல்லுவாரு. வூட்டுக்கு வந்து சேந்தப்புறம் அந்த வார்த்தைய அது எடுக்கவே இல்லையாம்.

இத்த எல்லாம் அந்த லோஷ்ணிகிட்ட சொன்னேன். டிரைவர் தம்பி கண்ணத் தொடைச்சிக்கினே இங்கிலீசுல சொன்னான். அவளும் அழுதா. சரி, புரிஞ்சிக்கினா, இனிமே வித்துட்டீங்கன்னு சொல்ல மாட்டான்னு பாத்தா, மூக்க உறிஞ்சிக்கினே ஏதோ கேட்டா. தம்பி முழிக்கிறான். இன்னாடா அதுன்னேன், வேணாங்கா வுடுங்கன்றான். சொல்லுடான்னேன்.

அந்தம்மா அன்னிக்கே, மொத வாட்டி பாக்கப் போன அன்னிக்கே, என் பொண்ணுதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூட்டிக்கினு வந்திருக்கலாம் இல்ல? இருவது நாளு எதுக்குன்னு கேக்குறாங்கன்னான்.

பாத்தியா? பாத்தியா நாக்கு எப்படிப் பேசுதுன்னு? படிச்சிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா? தவுட்டக் குடுக்காம எப்படிச் சொல்லுவா? சொல்லி, அந்தப் புள்ள அன்னிக்கே வாயில நொரை தள்ளிச் செத்திருந்தா இவ வந்து பதில் சொல்லுவாளா? இவளே பொறந்திருப்பாளா? உனக்கு ரெண்டு புள்ளைங்களைக் குழியில வச்சிப் பழக்கம் இருக்குதாடின்னு கேட்டேன். டிரைவர் தம்பி அத்தச் சொல்லல அவகிட்ட. நான் கேட்ட கேள்விங்கள்ல பாதிய அவன் முழுங்கிட்டான்.

உங்கிட்ட சொல்றதுக்கு இன்னா. கவுசியும் இதே கேள்வியத்தான் கேட்டுச்சு. அது வயசுக்கு வந்தப்பவே தவுட்டக் குடுத்து முடிச்சிருக்கணும். அந்த வருசம் பாத்து அவங்கப்பா செத்துட்டாரு, தள்ளிப்போச்சு. சரி, கல்யாணத்துக்கு முன்னாடி குடுத்துக்கலாம்னு வுட்டேன். மெட்ராஸ்ல இருந்து பொண்ணு பாக்க வந்தாங்க. நல்ல எடம், மாப்பிள்ளை கவர்மெண்டு ஆஸ்பத்திரியில லேபு. மாப்பிள்ளையோட அம்மா காபியக் கையில வச்சிக்கினு, உங்களுக்கு ஒரே பொண்ணான்னு கேட்டாங்க. எங்க பொண்ணு இல்லீங்க, தவுட்டுக்கு வித்ததுன்னேன். நம்ம பக்கத்து ஆளுங்கன்னா சிரிச்சிருப்பாங்க. அந்தம்மா காபிய அப்படியே கீழ வச்சாங்க. மறுநாளு தரகர் வந்து, எங்கியோ கெடந்து எடுத்து வளத்த பொண்ண, சாதி சனம் தெரியாம எப்படிக் கட்டுறதுன்றாங்கன்னாரு.

நான் பண்ண தப்பு இன்னா அதுல? நல்ல குடும்பமா இருந்தா என்ன ஏதுன்னு விசாரிச்சிருப்பாங்க.

கவுசி நாலு மாசத்துல மஸ்கட்டுக்கு ஆர்டர் வாங்கிடுச்சி. கெளம்புற அன்னிக்கு, பெட்டியெல்லாம் ஆட்டோவுல ஏத்தியாச்சு, வாசப்படியில நின்னுக்கினு கேக்குது. ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி என் பொண்ணுன்னு சொல்லும்மா, நான் போகல. ஏரோப்ளேன் ஏறப் போற புள்ள கண்ணு. ஆகாசத்துல, கடலுக்கு மேல பறக்கப் போவுது. அந்த நேரத்துல வாயத் தொறந்து என் பொண்ணுன்னு சொல்லி அனுப்பச் சொல்றியா? நான் சொல்லல. வாய இறுக்கி மூடிக்கினேன். நல்லபடியா போயிச் சேந்துச்சு பாரு. அது நெனைக்குது, இவளுக்கு நெஞ்சுல ஈரமே இல்லன்னு. திமிரு. படிச்ச திமிரு, வேற இன்னா.

தவுட்ட ஏன் குடுக்கலன்னு கேக்குறியா? மில்லுல மலை மலையாக் கெடக்குதேன்னு பாக்குறியா? குடுத்துட்டா அது என்னுதாயிடும் இல்ல. என்னுதா இருந்தது எது தங்குச்சு? ரெண்டு புள்ளைங்க, புருசன், எதுவும் தங்கல. அது கன்னியம்மாளுதாவே இருந்து, எங்கியோ உசுரோட இருக்கட்டுமேன்னு நாள் தள்ளிக்கினே வந்துட்டேன். இது யார்கிட்டயும் சொன்னது இல்ல. நீ இன்னும் கொஞ்ச நேரத்துல எறங்கிப் போயிடுவ, அதான் சொல்றேன்.

லோஷ்ணி சமாச்சாரத்துக்கு வரேன். அவ போனை எடுத்துப் படம் தெரியிற மாதிரி அவங்க பாட்டிக்குப் போட்டா. தவுட்டம்மாவோட கடைசிப் பொண்ணு, பேரு அஞ்சலை, எண்பத்தேழு வயசு. அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தாளாம். சாகறதுக்கு முன்னாடி ஒரு விசயம் தெரியணும்னு கெழவி ஒத்தக் கால்ல நிக்குதாம். எனக்கு மொறைக்குப் பெரியம்மா ஆகுது. படத்துல நெத்தி நெறைய விபூதி, பல்லு இல்ல. வாயத் தொறந்தா நம்ம தமிழு கண்ணு. நம்ம ஊரு, நம்ம பேச்சு, இப்ப நாம மறந்துபோன வார்த்தையெல்லாம் பேசுது. நீ வரதன் மாமா பேத்தியான்னு கேட்டுச்சு. ஆமா பெரியம்மான்னேன். 

அப்பால கெழவி கேட்டது இதுதான்.

"எங்கம்மா சாகுற வரைக்கும் வாசலைப் பாத்துக்கினே இருந்துச்சு. என்னைப் பெத்தவ தவுடு கொண்டாருவா, என்னை வாங்கிக்கினு போவா, வாங்காம வுட மாட்டான்னு சொல்லிக்கினே இருக்கும். அப்பால சொல்றத நிறுத்திடுச்சி. நீ சொல்லு. தவுடு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க பெரியம்மா. இருவது நாளு சேத்து மூணு படியும் குடுத்தாங்க. குடுத்துட்டு வாசல்ல போயி நின்னு என் பொண்ணுன்னு கத்துனாங்க. எங்க தாத்தா காதால கேட்டாரு."

கெழவி கன்னம் ரெண்டும் நனைஞ்சிடுச்சி. அப்ப எங்கம்மா அநாதை இல்லன்னு மட்டும் சொல்லுச்சு. இல்ல பெரியம்மா, எங்க வூட்டுப் பொண்ணுன்னேன். லோஷ்ணி என் தோள்ல சாஞ்சிக்கினா. களத்துல அத்தனை பேரும் நின்னு பாக்குறாங்க. அதோட நிறுத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும் இல்ல?

கெழவி கண்ணத் தொடைச்சிக்கினு, உனக்குப் புள்ளைங்க இருக்குதான்னு கேட்டுச்சு. எனக்கு வாய்ப் பழக்கம் கண்ணு, இத்தனை வருசத்துப் பழக்கம். ஒண்ணு இருக்குது பெரியம்மா, எங்களுது இல்ல, தவுட்டுக்கு வித்ததுன்னு சொல்லிட்டேன்.

கெழவி மூஞ்சி மாறிப்போச்சு. வயசு என்ன ஆகுதுன்னுச்சு. முப்பத்தி மூணுன்னேன். தவுட்டத் திருப்பிட்டியான்னுச்சு. இல்லன்னேன். எங்க இருக்குதுன்னுச்சு. கடல் தாண்டி, மஸ்கட்டுலன்னேன். அப்ப பாரு, எண்பத்தேழு வயசுக் கெழவி, எங்கியோ ஆப்பிரிக்காவுல ஒக்காந்துக்கினு, என் மில்லு சனம் அத்தனை பேர் முன்னாடியும் என்னைக் கேக்குது.

"எங்கம்மா போனது இருவது நாளு தள்ளுனதுல. நீ இன்னாத்துக்குடி ஒக்காந்திருக்க? எழுந்து போடி."

அவ யாரு என்னைக் கேக்குறதுக்கு? நேத்து வரைக்கும் பேரு தெரியாது, ஊரு தெரியாது. என் பொழப்பு அவளுக்கு இன்னா தெரியும்? போனை லோஷ்ணி கையில திணிச்சிட்டு உள்ள போயிட்டேன். அவ ஊருக்குக் கெளம்பும்போது போயி ஒரு வார்த்தை சொல்லல. ஒரு மாசமா அந்தக் கெழவி காதுல வந்து எழுந்து போடி, எழுந்து போடின்றா. தவுடு சலிச்சாக் கேக்குது, மிசினு ஓடுனாக் கேக்குது. நேத்து கன்னியம்மா மருமக போன் பண்ணதுல இருந்து தாங்க முடியல. அதான் காலையில ஓனர்கிட்டக்கூடக் கேக்கல, மூணு படிய அளந்து பையில போட்டுக்கினு பஸ்ஸு ஏறிட்டேன். கெழவி சொன்னான்னு போகல. எனக்கே தோணுச்சு, போறேன்.

தோ, செய்யாறு வந்துடுச்சா? பாலம் தெரியுது. இந்தா, இந்தப் பையக் கொஞ்சம் புடி, பொடவைய சரி பண்ணிக்கிறேன். பாத்துப் புடி, சிந்திடாத.

போனு அடிக்குதா? என்னுதுதான். யாருன்னு பாரு. கன்னியம்மா மருமகளா? எடுக்காத. எடுக்காதன்றேன் இல்ல. அடிக்கட்டும். முன்னாடி ஒரு வாட்டி அடிச்சிச்சு, பாத்துக்கினுதான் இருந்தேன். இன்னா சொல்லப் போறா? எதுவா இருந்தாலும் நான் போயி நேர்ல பாத்துக்கறேன். கை சூடா இருந்தாப் போதும் எனக்கு. அந்தக் கையில இத்த வச்சிட்டா அப்பால எது வேணா நடக்கட்டும். ஏன்யா டிரைவரு, இங்க எதுக்கு நிறுத்துற? இங்க யாரு எறங்குறா? போயேன்யா.

இன்னா கேட்ட? என் பொண்ணுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேனாவா? யாரு பொண்ணு? வாய வச்சிக்கினு இரேன் கண்ணு கொஞ்சம். பை இன்னும் உன் கையிலதான இருக்குது. குடு இப்படி. நாலு மணி பஸ்ஸுல திரும்பி வருவேன், நீயும் இதே பஸ்ஸுல வந்தீன்னா பக்கத்துல வந்து ஒக்காரு. யாரு பொண்ணுன்னு அப்ப கேளு, சொல்றேன்.